அத்தாவின் ஜீப்பும் அம்மாவின் மூச்சும்

 

உங்கள் வீட்டில் ஒரு வண்டி இருக்கலாம். அது காராகவோ, வேனாகவோ, சுமை ஏற்றும் சிறிய டெம்போவாகவோ இருக்கலாம். அதன் கண்ணாடியைத் துடைத்திருப்பீர்கள். சக்கரத்திற்குக் காற்று அடித்திருப்பீர்கள். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றியிருப்பீர்கள். ஆனால், அதன் அடியில் குனிந்து, புகை வெளியேறும் குழாயை எப்போதேனும் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியோடு பழகியும் பார்த்ததில்லை. அந்த அலட்சியத்தால் என் தாயார் பட்ட சிரமத்தையும், பிறகு எங்கள் வீட்டு முற்றத்திலேயே அதனைச் சீர்செய்த விதத்தையும் உங்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வீடு புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ளது. மாதா கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கோசையும் ஒரே காற்றில் வந்து சேரும் பகுதி அது. என் தந்தையார் சவுக்கு மரம் வாங்கி விற்பவர். கோட்டக்குப்பத்தைத் தாண்டி மரக்காணம் வரை கடற்கரை நெடுகிலும் உள்ள சவுக்குத் தோப்புகளுக்கு அவர் அடிக்கடி சென்று வர வேண்டும். அங்கே மணல் சக்கரத்தை விழுங்கும். சாதாரணக் கார் பத்தடி போனதும் புதைந்து நின்றுவிடும். ஆகவே 1993-இல் ஒரு மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பை அவர் வாங்கினார். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் டீசல் வண்டி அது. கைப்பிடியை மாற்றிப் போட்டுவிட்டால், முன்சக்கரமும் சேர்ந்து இழுத்து மணலிலிருந்து கரையேற்றிவிடும்.

இந்த ஜீப்பின் வரலாறு சுவையானது. இன்று மகிந்திரா அண்டு மகிந்திரா என்று உலகம் அறிந்த நிறுவனம், 1945-இல் லூதியானாவில் 'மகிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில்தான் தொடங்கப்பட்டது. மகிந்திரா சகோதரர்கள் இருவரோடு கூட்டுச் சேர்ந்தவர் மாலிக் குலாம் முகம்மது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார்; 1951-இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். நிறுவனம் 1948-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கிய அதே நிறுவனம், பின்னாளில் டீசல் என்ஜினுக்காகப் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டது. அப்படி வந்த 2,112 சி.சி. பெஜோ டீசல் என்ஜின்தான் எங்கள் ஜீப்பின் இதயம்.

எதிர்வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. ஜீப் வந்த அன்று பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பாய், எங்க ஊரு என்ஜினை வாங்கி வந்துட்டீங்க!" என்று சிரித்தார். டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலும் 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்தவர்தாம். 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினார்கள். அந்நாளில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து நிலக்கடலை பிரான்சுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிக் கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், நமக்கும் அந்த என்ஜினுக்கும் ஏதோ பழைய உறவு இருப்பதுபோல் தோன்றும்.

தள்ளிச் சென்ற வண்டி

ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்கின்றேன். 1998-இல் எனக்கு 21 வயது. சைலன்சரின் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளை வெட்டி எடுத்துவிட்டால் வண்டி 'சும்மா பறக்கும்' என்று நண்பர்கள் சொன்னார்கள். அத்தா ஊரில் இல்லாத ஒரு நாள், ஒரு பட்டறையில் கொடுத்து அவ்வாறே செய்துவிட்டேன். வண்டி பறக்கவில்லை, கத்தியது. நெல்லித்தோப்புச் சந்தைவரை அதன் சப்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாளவில்லை.

அத்தா திரும்பி வந்தார். சப்தத்தைக் கேட்டார். ஒரு சொல்லும் திட்டவில்லை. மறுநாள் பஜ்ர் தொழுதுவிட்டுச் சவுக்குத் தோப்புக்குப் புறப்படும்போது என்னை எழுப்பினார். "வண்டியைத் தள்ளு" என்றார். நான் தள்ளினேன். தெருமுனை தாண்டிப் பெரிய சாலைக்குச் சென்ற பிறகே ஸ்டார்ட் செய்தார். எதிர்வீட்டில் அப்போது பிறந்து இருபது நாளான குழந்தை ஒன்று இருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உறங்கும் மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். இதையெல்லாம் அத்தா விளக்கிச் சொல்லவில்லை. ஒன்பது நாள்கள், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த ஜீப்பை விடியற்காலை இருட்டில் நான் தள்ளினேன். பத்தாம் நாள் என் சேமிப்பிலிருந்து புது சைலன்சர் வாங்கி வந்து மாட்டினேன்.

அத்தா 2009-இல் மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்பதவி அளிப்பானாக! ஜீப் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடிந்தபின், ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பித்து வருகின்றோம்.

புயல் கொண்டுவந்த தண்ணீர்

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. டிசம்பர் 1-ஆம் நாள் காலையில் இராணுவத்தினர் வந்து மக்களை மீட்க வேண்டிய நிலை. ரெயின்போ நகரில் குடியிருக்கும் என் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது: "அண்ணே, வீட்டுக்குள்ளே தண்ணி ஏறுது."

ஜீப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தங்கையையும் அவள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டேன். வழியில் ஓரிடத்தில் தண்ணீர் புகைக்குழாயை மூழ்கடிக்கும் அளவுக்கு இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியேறும் புகையின் அழுத்தமே தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்துவிடும். ஆனால் அங்கே வண்டி அணைந்துவிட்டது. அணைந்ததும் குழாயின் வழியாகத் தண்ணீர் சைலன்சருக்குள் புகுந்தது. நல்லவேளையாக, காற்று உறிஞ்சும் பாதை உயரத்தில் இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் கதையே வேறு. டீசல் என்ஜின் காற்றைப் பல மடங்கு அழுத்துகிறது. காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து என்ஜினே நாசமாகிவிடும். வெள்ளத்தில் அணைந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பது இதனால்தான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தள்ளி உதவ, வீடு வந்து சேர்ந்தோம். நீரை வடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து ஓட்டினேன், ஓடியது. அத்துடன் மறந்தும் போனேன். அங்கேதான் தவறு செய்தேன். சைலன்சரின் அடியில் தங்கிய தண்ணீரும், ஏற்கனவே படிந்திருந்த கரிப்புகையும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னத் தொடங்கியிருந்தன.

அம்மா அமரும் இடம்

என் தாயாருக்கு வயது 74. மாதம் ஒருமுறை மூச்சிரைப்புக்காக மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஜீப்பின் முன்பக்கம் ஏறுவது அவருக்குச் சிரமம் என்பதால், பின்பக்கத்துப் படி வழியாக ஏறி, பக்கவாட்டு இருக்கையில் அமர்வார். 2025 ஜனவரியில், மருத்துவமனை சென்று இறங்கும்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றியது. ஒருமுறை வாந்தியும் எடுத்தார். வயதின் தளர்ச்சி என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவரும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் என் மகன் வண்டியை ஓட்ட, வேறு இடமில்லாமல் நான் பின்னால் அமர்ந்தேன். வண்டி வாங்கிய இத்தனை ஆண்டுகளில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அரை மணி நேரத்தில் கண்கள் எரிந்தன. நெற்றிப் பொட்டில் வலி எடுத்தது. புகையின் நாற்றம் காலடியிலிருந்து எழுந்து வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். சைலன்சரின் அடிப்புறம் சல்லடைக் கண்ணாக இருந்தது. அதற்கு முன்னுள்ள இணைப்பில் கருங்கோடுகள் படிந்திருந்தன. கடைசிக் குழாயோ பாதியில் உடைந்து விழுந்து, அதன் வாய் வண்டியின் அடியிலேயே முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "புகை நாத்தம் வந்துச்சுதான் தம்பி. சொன்னா, வண்டி பழசாப் போச்சுன்னு வித்துப்புடுவியே. உங்க அத்தா உட்கார்ந்த வண்டியாச்சே!" என்றார்.

நேயர்களே, அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. கணவரின் நினைவைக் காப்பதற்காக அந்த மூதாட்டி மாதக்கணக்கில் நஞ்சை மூச்சாக இழுத்திருக்கிறார். டீசல் புகை வெறும் நாற்றமன்று. அதில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், நுரையீரலின் அடியாழம்வரை செல்லவல்ல நுண்கரித் துகள்களும் உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூச்சு நோயாளிக்கு அது இன்னும் கொடியது.

இன்னொரு செய்தியும் அன்றுதான் விளங்கியது. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். பின்பக்கத்துத் திரையைத் தூக்கிக் கட்டியிருந்தால், வெளியேறிய புகை அந்த வழியாகவே மீண்டும் வண்டிக்குள் இழுக்கப்படும். 'காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று அம்மாவுக்காகத் திரையைத் தூக்கிக் கட்டியவன் நானேதான்!

மகனின் ஆசை

குழாய் முழுவதையும் புதிதாக மாற்றுவது, அதையும் வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. என் மகன் பொறியியல் படிக்கின்றான். அவனுக்கு உற்சாகம் பொங்கியது. "அத்தா, மூன்று அங்குலக் குழாய் போடுவோம். சைலன்சரே வேண்டாம். நேராக மேலே தூக்கி, கூரை வரை கொண்டுபோவோம்" என்றான்.

நான் அவனுக்கு ஒன்பது நாள் வண்டி தள்ளிய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அது சரி, ஆனா பெரிய குழாய்னா சக்தி கூடுமே?" என்று விடவில்லை. நியாயமான கேள்விதான். எங்கள் பகுதியில் நீண்ட காலம் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் விளக்கியதையும், மகன் கணக்கிட்டதையும் சேர்த்துச் சொல்கின்றேன்.

என்ஜின் புகையை வெளியே தள்ளுவதற்கும் சிறிது சக்தியைச் செலவிடுகிறது. குழாய் குறுகலாக இருந்தால் எதிரழுத்தம் கூடி அந்தச் செலவும் கூடும். ஆகவே, அகலக் குழாய் நல்லதுதான். ஆனால் ஓர் அளவு வரைதான். டர்போ பொருத்திய டீசல் வண்டிகளில், புகையின் வேகத்தாலேயே டர்போவின் சக்கரம் சுழல்கிறது. அச்சக்கரத்திற்குப் பின்னுள்ள எதிரழுத்தம் குறைந்தால் அங்கே நல்ல பலன் தெரியும். எங்கள் என்ஜினில் டர்போ இல்லை. சுமார் 60 குதிரைத்திறன் மட்டுமே உள்ள எளிய என்ஜின். அதற்கு மூன்று அங்குலக் குழாய் என்பது சிறுவனுக்குத் தந்தையின் சட்டையை மாட்டுவது போல.

பழைய குழாயை அளந்தோம். முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் மாற்றிய குழாய் அது. வெளிவிட்டம் 45 மி.மீ. மட்டுமே. அதற்குப் பதில் 51 மி.மீ., அதாவது இரண்டு அங்குலக் குழாய் என்று முடிவு செய்தோம். ஆறு மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். புகை செல்லும் பரப்பு விட்டத்தின் இருமடியாகக் கூடுவதால், பாதை ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகிவிடும்.

"புகை கறுப்பா வந்தா குழாயைக் குத்தம் சொல்லாதீங்க பாய். காத்து போதல, இல்லே டீசல் அதிகம்னு அர்த்தம். ஃபில்டரைப் பாருங்க, நாசிலைப் பாருங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது. சூடேறின பிறகும் வெள்ளையா வந்தா, டீசல் எரியாம போகுது, இல்லே ரேடியேட்டர் தண்ணி உள்ளே கசியுது" என்றார் மேஸ்திரி. இதனை எல்லா டீசல் வண்டிக்காரர்களும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. பழுதான குழாயையும் சைலன்சரையும் புதுப்பிப்பது பராமரிப்பு; சைலன்சரைக் கழற்றி எறிவது குற்றம். ஒலி, புகை விதிகளை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ரூ.10,000 வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லை வகுத்துள்ளன. புகைக்குழாய்க்கும் டீசல் செல்லும் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது வாகன விதி. மகன் இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். கூரைவரை குழாய் தூக்கும் பேச்சு அத்துடன் ஓய்ந்தது.

முற்றத்தில் மூன்று நாள்

முதல் நாள் கழற்றுவதிலேயே போயிற்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கினோம். தூக்கியதும் மகன் உள்ளே நுழையப் போனான். மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லே" என்றார். இரும்புத் தாங்கிகளை இருபுறமும் அச்சின் அடியில் நிறுத்தி, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அவனை உள்ளே விட்டார். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஒருபோதும் நம்பாதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும்.

துருவேறிய நட்டுகள் அசையவில்லை. முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தோம். அசையாதவற்றை கேஸ் சுடரால் சூடாக்கிக் கழற்றினார் மேஸ்திரி. என்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு நட்டுகளை மட்டும் மெல்ல மெல்ல, முன்னும் பின்னுமாக அசைத்து எடுத்தார். அவை உடைந்தால் வார்ப்பிரும்பைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். மீண்டும் மாட்டும்போது பித்தளை நட்டுகளைப் பயன்படுத்தச் சொன்னார். பித்தளை இரும்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது.

இரண்டாம் நாள் குழாய் வாங்கச் சென்றோம். இங்கேயும் நான் ஒரு பிழை செய்யவிருந்தேன். தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மலிவாக இருந்தது. துருப்பிடிக்காதே என்று எடுத்துவிட்டேன். மேஸ்திரி திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்தால் துத்தநாகம் ஆவியாகும். அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பட்டறைக்காரர்கள் பலர் பட்டறிந்த உண்மை இது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே வாங்கினோம். விலை கூடுதல்தான், ஆனால், சாதாரண இரும்புக்குழாய் நம் கடற்கரை ஊர்களில் சில ஆண்டுகளுக்குள் இற்றுவிடும். குறைந்த தொலைவு மட்டும் ஓடும் வண்டியில் அது இன்னும் விரைவாக நேரும். குழாய் முழுதும் சூடேறாததால், புகையிலுள்ள நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகித் தங்கிவிடும். 1990-களில் டீசலில் கந்தகம் மிகுதியாக இருந்ததால் அந்த நீர் அமிலமாகவே மாறியது. 2020 ஏப்ரல் முதல் பத்து இலட்சத்தில் 10 பங்கு கந்தகமே அனுமதிக்கப்படும் பி.எஸ்.-6 டீசல் கிடைப்பதால் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்துள்ளது.

பின்னச்சுக்கு மேலே வளைந்து செல்ல வேண்டிய பகுதிக்கு, ஆயத்தமாக வளைத்து விற்கும் துண்டுகளை வாங்கினோம். பழைய முறையில் மணல் அடைத்து, சூடாக்கி வளைப்பதுண்டு. மணல் சிறிது ஈரமாக இருந்தாலும் நீராவி வெடித்துவிடும் என்பதால் அதனைத் தவிர்த்தோம். குழாய் மடங்கி நசுங்கினால், அந்த இடத்தின் குறுகலே முழுக் குழாயின் அளவாகிவிடும்.

மூன்றாம் நாள் பொருத்தும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே வெல்டிங் தொடங்கியது. இல்லையேல் ஆல்டர்னேட்டர் பழுதாகலாம். பெரும்பகுதியை வண்டிக்கு வெளியிலேயே வைத்து வெல்டிங் செய்தோம். டீசல் டாங்கியின் அருகே தீப்பொறியே கூடாது. வாளியில் மணலும் ஈரச்சாக்கும் தயாராக இருந்தன. என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மீது ஆடிக்கொண்டே இருக்கும், சட்டம் ஆடாது. ஆகையால் இடையில் வளைந்து கொடுக்கும் பின்னல்குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தோம். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாக மாட்டி, இடைவெளிகளைச் சரிபார்த்து, பிறகு மேனிஃபோல்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்கினோம். சைலன்சர், அறைகள் வகுத்த பெரிய சைலன்சர். கடைசிக் குழாய், பின்பம்பரைத் தாண்டி வெளியே புகையை விடுமாறு நீண்டது. சவுக்குத் தோப்பில் உதிர்ந்த காய்ந்த ஊசிகள் சூடான குழாயில் பட்டுத் தீப்பிடிக்காதிருக்க, அடியில் ஒரு தகட்டு மறைப்பும் வைத்தோம்.

பின்னர் கசிவுச் சோதனை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியால் குழாயின் வாயைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், கசியும் இடத்தில் 'உஸ்' என்று ஒலி கேட்கும். சோப்பு நீர் தடவினால் குமிழி கிளம்பும். ஓரிடத்தில் குமிழி வந்தது. புதுக் கேஸ்கட் போட்டதும் நின்றது.

தெருவும் வீடும்

மறுநாள் காலை, பஜ்ருக்குப் பின் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். தெருமுனை வரை தள்ளவில்லை. எதிர்வீட்டுச் சொல்தா பெரியவர் இப்போது இல்லை. அன்று இருபது நாள் குழந்தையாக இருந்த அவருடைய பேத்திக்கே இப்போது ஒரு குழந்தை. பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வண்டி புறப்பட்டபோது அந்த வீட்டின் சன்னல் திறக்கவில்லை, குழந்தையும் அழவில்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

புகைச் சோதனை நிலையத்திலும் தேறினோம். எங்களுடையது போன்ற பழைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு எல்லை. வண்டி அதற்குள் நின்றது. அதற்குக் காரணம் புதுக்குழாய் அன்று. அத்தோடு மாற்றிய காற்று ஃபில்டரும், சுத்தம் செய்த நாசில்களும்தாம். வேகத்தில் பெரிய மாற்றமில்லை. மேடேறும்போது மட்டும் என்ஜின் சற்று இலகுவாக இழுப்பதாகத் தோன்றுகிறது. மகனுக்கு அது சிறிய ஏமாற்றம்தான்.

அம்மாவின் மூச்சிரைப்பு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது நாள்பட்ட நோய், மருந்து தொடர்கிறது. ஆனால், ரமலானுக்கு முன் மருத்துவரிடம் சென்று இறங்கியபோது அவருக்குத் தலை சுற்றவில்லை. யாருடைய கையையும் பற்றாமல் படியில் இறங்கினார். இறங்கியவர், ஜீப்பின் பக்கவாட்டுத் தகட்டைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு உள்ளே நடந்தார்.

அன்பு நேயர்களே! இதனை வாசித்து முடித்ததும் நீங்கள் பெரிய வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் எங்கே அமர்கிறார்களோ, அந்த இருக்கையில் ஒரு நாள் நீங்கள் அமர்ந்து அரை மணி நேரம் பயணம் செய்யுங்கள். பிறகு, இறங்கி, குனிந்து, அடியில் பாருங்கள். கரிக்கோடு தெரிந்தால் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத வேலையானால், தெரிந்த மேஸ்திரியை அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம், "புகை வருகிறதா?" என்று நீங்களாகவே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.